அரிசி மூட்டை வேண்டாம், ஒரு செவ்வாய்க்கிழமை வேண்டும்: கோத்தகிரிப் பக்கத்துப் புத்தர் கோயில்

வாசலில் தொங்கும் பலகையில் நீளமான பாலி மொழிப் பெயர் ஒன்று எழுதியிருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. பஸ் கண்டக்டருக்கும், தேயிலை பறிக்கும் பெண்களுக்கும், கீழே மளிகைக் கடைக்காரருக்கும் அது புத்தர் கோயில்தான். நானும் அப்படியே சொல்கிறேன். ஓடு போட்ட ஒரு கூடம், அதை ஒட்டிச் சமையலறை, சரிவில் தள்ளித் தள்ளி மூன்று குடில்கள், ஒரு போதிக் கன்று, ஒரே ஒரு பிக்கு. இவ்வளவுதான் இடம். கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கும் நான் நான்கு வருடமாக அங்கே போய்வருகிறேன். எந்த மாதத்தில் போகலாம், என்ன கொண்டுபோகலாம் என்று கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெசாக்குக்குப் போக நினைப்பவர்கள், முடிந்தால் அதற்குப் பதிலாக ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒரு சாதாரண நாளில் போங்கள்.

வெசாக் பார்க்க அழகான நாள்தான், மறுக்கவில்லை. வைகாசிப் பௌர்ணமி. முருகன் கோயில்களில் விசாகத்துக்குக் காவடி எடுக்கும் அதே சமயத்தில், இங்கே புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் ஒரே திதியில் என்று கொண்டாடுகிறார்கள். மூங்கில் குச்சியில் எட்டுமுகக் கூடு கட்டி, மெல்லிய காகிதம் ஒட்டி, உள்ளே மெழுகுவர்த்தி வைத்துத் தொங்கவிடுவார்கள். மாலை மூடுபனி ஏறும்போது அந்தக் கூடுகள் சரிவில் மிதப்பதுபோல இருக்கும். ஆனால் அது மே மாதம். ஊட்டி மலர்க் கண்காட்சி, கோடை சீசன், மேட்டுப்பாளையத்திலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். 2024 மே மாதத்திலிருந்து வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு எடுக்கவேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. கூடத்தில் நாற்பது பேர் அமரும் இடத்தில் இருநூறு பேர் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு கிலோ சர்க்கரை. வசதியுள்ளவர்கள் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த மூட்டைகள் பின்னாளில் என்ன ஆகின்றன என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை என் கண்ணால் பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஆவணி நடுவில் நடந்தது. தியான மெத்தைகளுக்கு உறை தைத்து வைத்திருந்தேன், அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். வழியில் சில்வர் ஓக் மரம் ஒன்று ரோட்டில் விழுந்து கிடந்தது. அதை அறுத்து நகர்த்தும்வரை பஸ் நின்றுவிட்டது. நான் படியேறியபோது என் கடிகாரத்தில் 12 அடித்து மூன்று நிமிடம். பந்தே (பிக்குவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது, அடிப்பாகம் காய்ந்திருந்தது.

"சாப்பிட்டீர்களா பந்தே?" என்று கேட்டேன்.

"இன்று யாரும் வரவில்லை அம்மா. பரவாயில்லை" என்றார்.

அன்று தானம் கொண்டுவரவேண்டிய குடும்பத்தில் ஏதோ துக்கம். சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி காய்ச்சலென்று குன்னூருக்குப் போயிருந்தான். சமையலறையை எட்டிப் பார்த்தேன். வெசாக்குக்கு வந்த அரிசி மூட்டைகள் ஐந்து சுவரோரம் அடுக்கியிருந்தன. பருப்பு இருந்தது, எண்ணெய் இருந்தது, கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தது. அவற்றுக்குப் பத்தடி தள்ளி அந்த மனிதர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்.

இந்த ஒழுங்கு தெரியாதவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். விநயம் என்ற பிக்குகளின் ஒழுக்க விதிப்படி பிக்கு தனக்காகச் சமைக்கக்கூடாது. உணவை எடுத்து வைத்து மறுநாள் உண்ணக்கூடாது. மேசையில் இருக்கிறதென்று தானாக எடுக்கவும் கூடாது. யாராவது கைக்கெட்டும் தூரத்தில் நின்று கையில் கொடுக்கவேண்டும். உச்சிப் பொழுது சாய்ந்தபின் மறுநாள் விடியும்வரை சாப்பாடு இல்லை. பணத்தைத் தொடுவதில்லை. வேண்டியதைக் கேளுங்கள் என்று முன்பே சொல்லாதவர்களிடம் இது வேண்டும் என்று கேட்பதுமில்லை. ஆகவே பத்து மூட்டை அரிசி இருந்தாலும், அதை வடித்துக் கையில் கொடுக்க ஓர் ஆள் இல்லையென்றால் அவருக்கு அன்று பட்டினிதான்.

என்னிடம் மதியத்துக்கு நான் கட்டிக்கொண்டு வந்த டிபன் கேரியர் இருந்தது. மேல் தட்டில் பீன்ஸ் பொரியல், கீழே எலுமிச்சைச் சாதம். ஆனால் மணி 12 தாண்டிவிட்டதே என்று கைபிசைந்து நின்றேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். விநயத்துக்குக் கடிகார மணி கணக்கில்லை, சூரியன்தான் கணக்கு. இந்திய நேரம் கிழக்கே இருக்கும் தீர்க்கரேகைக்கு வகுத்தது. நம் மலை அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வரத் தாமதமாகும். ஆவணி நடுவில் அது 12 மணி 22 நிமிடம். தாளில் மாதவாரியாக எழுதியிருந்தது.

மீதமிருந்தது இருபது நிமிடத்துக்கும் குறைவு. இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் அவசரப்படாமல், ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு, 12.20க்குப் பாத்திரத்தைக் கழுவிவிட்டார். ஐம்பத்தைந்து வயதுவரை எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஒருவர் சாப்பிடும்போது என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது அன்றுதான்.

சாப்பாட்டுக்குப் பின் அவர் பாலியில் ஓத, நான் கூஜாவிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றவேண்டும். கிண்ணம் நிறைந்து தட்டில் வழியும்வரை ஊற்றவேண்டும். கொடுத்ததன் புண்ணியம் இறந்துபோன உறவுகளுக்குச் சேரட்டும் என்பது அதன் பொருள். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1948 சட்டத்தில் குடியுரிமை போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கினார்களே, அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் ஒன்று. 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசு போட்ட தேயிலைத் தோட்டத்துக்கு வந்தோம். 1976இல்தான் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கப்பல் ஏறியபோது எனக்கு ஆறு வயது. இலங்கையில் பௌர்ணமியைப் போயா என்பார்கள், விகாரையைப் பன்சலை என்பார்கள், வெசாக்கில் ரோட்டோரம் தன்சல் போட்டு யார் வந்தாலும் சோறு போடுவார்கள் என்று அப்பா சொல்வார். எங்களையும் உட்காரவைத்துப் போட்டார்கள் என்பார். அம்மா அதைக் கேட்டு எழுந்து போய்விடுவார். நான் இந்தக் கோயிலுக்குப் போகத் தொடங்கியபோதும், "நம்மைக் கப்பலேற்றிவிட்டவர்களின் சாமிக்கு நீ எதற்குச் சோறு சுமக்கிறாய்?" என்றுதான் கேட்டார். அம்மாவின் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் நேரான பதில் சொன்னதில்லை. அம்மாவோடு வாதாடுவதுமில்லை.

இங்கிருக்கும் பந்தே சிங்களவர் அல்லர், தமிழர். வடாற்காட்டுப் பக்கத்துக்காரர், இலங்கையில் பயின்றவர். புத்தகக் கூடத்தில் அயோத்திதாசப் பண்டிதர் படம் மாட்டியிருக்கிறது. பண்டிதர் இளமையில் வாழ்ந்தது இந்த நீலகிரியில்தான். பிறகு 1898இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நடத்தினார். இது நம் ஊர் ஆள் விட்டுப்போன வேலை என்று பந்தே ஒருமுறை சொன்னார். அம்மாவிடம் அதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இனி மழைக்கால வாசம். ஆடிப் பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து மூன்று மாதம் பிக்குகள் ஓரிடத்தில் தங்கவேண்டும். அதை வஸ்ஸ என்கிறார்கள். ஊர் ஊராக நடந்து, மழையில் முளைத்த பயிரையும் சிற்றுயிரையும் மிதிக்காமல் இருப்பதற்காக வந்த வழக்கம். வடநாட்டு மழைக்கு வகுத்த கணக்கு இது. கூடலூர்ப் பக்கத்துக்கு அச்சாகப் பொருந்தும். எங்கள் கோத்தகிரிச் சரிவிலோ ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை; வாசம் முடிந்தபிறகு! ஆகவே ஆவணியில் இங்கே வருகிறவர்களுக்குக் கிடைப்பது சாரலும் மூடுபனியும்தான். விடுதிகள் காலியாக இருக்கும், வாடகை குறைவாக இருக்கும், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். வெசாக்குக்கும், வாசம் முடிந்ததும் பிக்குவுக்குத் துணி கொடுக்கும் கதினத்துக்கும் நடுவில் ஆள் வராத இந்த மூன்று மாதத்தில்தான் பந்தே ஊரைவிட்டு நகர முடியாமல் ஒரே இடத்தில் இருக்கிறார். ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

இந்த மூன்று மாதத்தில் மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் சில் முகாம், அதாவது சீலம் காத்துத் தியானம் செய்யும் முகாம், நடக்கிறது. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கட்டணம் கிடையாது. காலை 4.30க்கு மணி. கூடத்தில் ஒரு மணி நேரம் மூச்சைப் பார்த்து உட்காருவது, பிறகு வெளியே முப்பதடி நீளக் கல் பாதையில் நடப்பது. 6.30க்குக் கஞ்சி, 11 மணிக்குச் சாப்பாடு, அதோடு சரி. மாலையில் பால் விடாத தேநீரும் ஒரு துண்டு வெல்லமும். வெல்லம், நெய், தேன் இவையெல்லாம் விநயத்தில் மருந்துக் கணக்கில் சேரும், மதியத்துக்குப் பின்னும் அனுமதி உண்டு. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வாழும் எனக்குத் தேநீரின் உண்மையான மணம் தெரிந்தது அந்த மாலை 5 மணிக்குத்தான். முதல் நாள் பசி எடுக்கும், இரண்டாம் நாள் முழங்கால் வலிக்கும். மூன்றாம் நாள் இரண்டும் இருந்தபடியே இருக்கும், அவற்றை ஓயாமல் நினைத்துக்கொண்டிருப்பது மட்டும் குறைந்திருக்கும். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு நாற்காலி தருகிறார்கள், யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை.

முகாமில் எல்லோரும் வெள்ளை உடுத்தவேண்டும். கணவர் இருக்கும் பெண்கள் வெள்ளைச் சேலை கட்ட இங்கே தயங்குவார்கள். என் அம்மா அதைப் பார்த்து அழுதே விட்டார். அதனால் முழு வெள்ளையாக இல்லாமல், மெல்லிய மஞ்சள் கரை வைத்து நான் சில சேலைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுத்தேன். பந்தே ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்தக் கரை வைத்த சேலைகள் ஏழெட்டு கோயிலிலேயே இருக்கின்றன, கேட்டால் தருவார்கள். ஸ்வெட்டர் எந்த நிறமானாலும் பரவாயில்லை. கட்டாயம் கொண்டுபோங்கள், விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும்.

குறைகளும் உண்டு. விருந்தினர் குடிலில் ஈரம் ஊறி, போர்வையில் பூஞ்சை வாசம் அடிக்கும். கழிவறை ஒன்றுதான். படிகளில் பாசி பிடித்திருக்கும். வயதானவர்களைக் கைப்பிடித்துத்தான் ஏற்றவேண்டும். தொலைபேசியை எடுக்கமாட்டார்கள், நேரில் போய்த்தான் பெயர் பதியவேண்டும். பெங்களூரிலிருந்து ஆட்கள் அதிகம் வந்த ஒரு முகாமில் போதனை முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வந்த நான்கு பெண்கள் மூன்று நாளும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை, நேராகவே சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து மாலைப் போதனை தமிழில் நடக்கிறது, ஆங்கிலத்துக்கு ஒருவர் மெதுவாக மொழிபெயர்க்கிறார். சொன்னால் கேட்டுக்கொள்கிற இடம்.

கதினத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வராது, ஏனென்றால் அது என் தொழில். மழைக்கால வாசம் ஐப்பசிப் பௌர்ணமியோடு முடிந்ததும், அடுத்த ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு நாள் ஊர்க்காரர்கள் துணி கொடுக்கவேண்டும். ஒரு விகாரைக்கு வருடத்தில் ஒரே ஒரு முறைதான். அதை அன்றைக்கே வெட்டி, தைத்து, சாயம் ஏற்றி, காயவைத்து முடிக்கவேண்டும். ஐந்து பிக்குகள் கூடினால்தான் சடங்கு செல்லும் என்பதால் நால்வர் வெளியூரிலிருந்து வருவார்கள்.

போன வருடம் துணி என் பங்கு. மூன்றரை மீட்டர் காடா, ஈரோட்டிலிருந்து வரவழைத்தேன். என் தையல் மெஷினையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். தைப்பது பிக்குகள்தான், நான் பாபின் சுற்றிக் கொடுத்து, நூல் இறுக்கத்தைச் சரிசெய்து, பக்கத்தில் நின்றேன். சிறிய ஆடையான கீழாடையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு நீளத் துண்டு, ஒரு குட்டைத் துண்டு. முழுத் துணியைத் துண்டாக்குவது விலைமதிப்பு போவதற்காக. திருடனுக்குக்கூட ஆசை வராது. மகத நாட்டு வயல்களைக் காட்டி, இந்த வரப்புகள்போலத் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். நீள வரப்புக்குக் குசி என்றும், குறுக்கு வரப்புக்கு அட்டகுசி என்றும் பெயர். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறேன். ஒவ்வொரு மடிப்புக்கும் இவ்வளவு பழைய பெயர் இருக்கும் ஓர் ஆடையை அதுவரை தொட்டதில்லை.

விரித்துப் பார்த்தபோது உண்மையிலேயே வயல்தான். தையலுக்கு விட்ட துணி இரட்டையாக மடிந்து, வரப்புபோல மேடாக நின்றது. இளைய பிக்கு ஒருவர் மூலையில் கோணலாக அடித்துவிட்டார். பிரிக்கலாமா என்று கேட்டார். மூத்தவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிரித்துவிடு, நேரம் இருக்கிறது" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர்மீது எனக்கு மரியாதை கூடியது.

சாயத்துக்கு விடியற்காலையிலிருந்தே பலாமரத்து வைரத்தைச் சீவிக் கொதிக்கவைத்திருந்தார்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்த சாறு. துணியை முக்கி எடுத்தபோது மணி மாலை 5. வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பாதி விருந்தினர் வந்துசேரவில்லை. மின்சாரமும் போனது. அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டோம். கடைசி ஈரத்தை என் கரி இஸ்திரிப் பெட்டிதான் எடுத்தது. இரவு 11 மணிக்கு ஆடை தயார். ஐந்து பேரும் கூடத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைத் தொட்டு ஓதினார்கள். என் கை விரல் நுனியில் அந்தப் பலாச் சாயம் ஒரு வாரம் இருந்தது.

இவ்வளவு நல்ல நாளுக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். கூப்பிடுகிறேன், வாருங்கள். ஆனால் கதினம் என்பதே மூன்று மாதம் அந்த இடத்தை விட்டு நகராமல் இருந்த பிக்குவுக்குக் கொடுப்பது. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது சோறு கொண்டுபோனவர்களுக்கு அந்தத் துணி வேறு மாதிரித் தெரியும்.

கொண்டுபோகவேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் அன்று சமைத்ததே போதும், தனியாகப் பாயசம், வடை வேண்டாம். இரண்டு பேர் சாப்பிடும் அளவு போதும். 10.45க்குள் போய்ச் சேருங்கள். பழம் கொண்டுபோனால், விதையுள்ள பழமாக இருந்தால், பந்தே "கப்பியம் கரோஹி" என்பார். முளைக்கக்கூடிய விதையை அவர் கெடுக்கக்கூடாது என்பதால் நாம் அதை ஏற்றதாக்கித் தரவேண்டும். ஒரு ஆரஞ்சில் கத்தி முனையால் கீறி "கப்பியம் பந்தே" என்று சொல்லிக் கொடுத்தால் போதும். பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் மாவட்டத்திலேயே தடை, தூக்குச் சட்டியில் கொண்டுபோங்கள். பணம் தர நினைப்பவர்கள் பந்தேயிடம் நீட்டாதீர்கள். கோயிலுக்குக் கொடுப்பவர்களின் குழுவான தாயக சபைக்காரர்களிடம் கொடுத்தால் ரசீது தருவார்கள். வாரம் ஒரு நாள் காலை அவர் பாத்திரத்தோடு லயத்துப் பக்கம் நடந்து வருவார். முதல் வருடம் பெண்கள் அதில் காசு போட வந்தார்கள், அவர் மூடியைச் சாத்திக்கொண்டார். இப்போது இட்லி, உப்புமா, சில நாள் வெறும் சோறு. கைக்குழந்தை வைத்திருக்கும் ஒருத்தி, குழந்தையின் கையில் ஒரு பிடி சோற்றைக் கொடுத்து அந்தக் கையாலேயே போடவைக்கிறாள்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கும். அதுதான் தானப் பதிவேடு. நேற்று போனபோது பார்த்தேன். வெசாக் பக்கத்தில் ஒரே நாளுக்கு ஒன்பது பெயர்கள், மேலும் கீழும் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது. ஆவணிப் பக்கம் ஓரளவு நிறைந்துவிட்டது. புரட்டாசியில் பதினொரு நாட்களுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அவற்றில் நான்கு செவ்வாய்க்கிழமைகள். முதல் செவ்வாயில் என் பெயரை எழுதிவிட்டு வந்தேன். அதற்குக் கீழே, அடுத்த செவ்வாயில், அம்மா பெயரை எழுதியிருக்கிறேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.